தெளிய வைத்த மருந்து

அக்கா, பிள்ளையோட கால் உங்க மடியில் கொஞ்சம் இடிச்சால் சங்கடப்படுவீங்களா? நீட்டிப் படுத்தால்தான் இவளுக்குத் தூக்கம் வரும், அதான் கேட்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டேன், கால் சுத்தமாத்தான் இருக்கு. இருக்கட்டுமா? நல்ல மனசு உங்களுக்கு. போன மாசம் இதே பஸ்ஸில் ஒரு அம்மா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு எழுந்து, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாங்க. எனக்கென்ன, அவங்க சீட்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டோம் நாங்க.

பேர் கனிஷ்கா. கனின்னு கூப்பிடுவோம். நாலரை வயது முடிஞ்சது, பார்த்தால் மூணு சொல்வீங்க. சரியான வாயாடி அக்கா இவள். போன வருஷம் இந்நேரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கிட்ட, "எனக்கும் ஒரு டிக்கெட்டு கிழிங்க, நானும் ஆளுதான்"ன்னு கையை நீட்டிக்கிட்டு நிற்பாள். இப்ப கொஞ்சம் அடங்கியிருக்காள். நாக்கு தடிச்சுப் பேச்சு குழறுது. நடந்தால் கால் ஒரு பக்கமா இழுத்துத் தள்ளாடுது. சரியாயிரும். அதுக்குத்தானே பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்.

வலிப்புதான் அக்கா. சொல்றதுக்கு எனக்கு வெட்கமில்லை. எங்க தெருவில் சிலர் இதை மறைச்சு மறைச்சு வைப்பாங்க, பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன கல்யாணம்? பிழைச்சுக் கிடக்கட்டும் முதல்ல.

நான் கடலை மிட்டாய் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கோங்க, எங்க கம்பெனிதான். கடிச்சுப் பாருங்க, பல்லில் மண் நறநறங்குதா? நறநறங்காது. ஏன்னா பாகுக்கு வெல்லம் கரைக்கிறது நான். வெல்லம்னா நீங்க நினைக்கிற மாதிரி சுத்தமா வராது அக்கா. மணல் இருக்கும், கரும்புச் சக்கை இருக்கும், சாக்கு நார் இருக்கும், ஒரு தடவை ஆணி கூடக் கிடந்தது. அதை வெந்நீரில் கரைச்சு, அண்டாவை அசைக்காம வைக்கணும். அசைக்கவே கூடாது. பக்கத்தில் ஒருத்தி காலைத் தட்டி நடந்தால் கூட நான் திட்டுவேன். நிற்க நிற்க மண்டி அடியில் போய் உட்காரும். மேலே நிற்கிறதுதான் தெளிவு. அதை அலுங்காமச் சாய்ச்சு எடுக்கணும். அந்தக் கை எல்லாருக்கும் வராது. எங்க முதலாளி ஆதிலிங்கம் அண்ணாச்சி வெளியூர் வியாபாரிகள் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார். "இந்தப் பிள்ளை மாரீஸ்வரி எடுத்த தெளிவுல முகம் பார்க்கலாம்"ன்னு சொல்வார். எட்டாவதுவரை படிச்சவளுக்கு அது ஒரு பெருமைதானே.

அந்த மண்டியையும் நாங்க சும்மா கொட்ட மாட்டோம். தண்ணி விட்டுக் கலக்கி மறுபடி தெளிய வைப்போம். அது ரெண்டாந் தெளிவு. அதையும் எடுத்த பிறகுதான் மண்டி வாய்க்காலுக்குப் போகும். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எனக்குத் தெளிவுக்கும் மண்டிக்கும் வித்தியாசம் தெரியும்னு சொல்றதுக்குத்தான். தெரியாமப் பேசுறவள் இல்லை நான்.

காலையில் ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வருவேன். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை. பிள்ளையை வளர்த்ததெல்லாம் அவரோட அக்கா, பேச்சியம்மாள் மதினி. எங்க வீட்டிலிருந்து மூணு வீடு தள்ளி. அவங்களுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. கனி மேல உசிரு. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். கோபம் ஆயிரம் இருந்தாலும் பாருங்க, வாய் இன்னும் 'அவங்க'ன்னுதான் சொல்லுது.

முதல் வலிப்பு வந்ததும் மதினி மடியில்தான். மூணு வயசில். தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். பத்து நாள் வைத்திருந்து, ரோஸ் கலரில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தாங்க. காலை, மதியம், ராத்திரி, நாலு நாலு மில்லி. நர்சம்மா மதினி கையில்தான் பாட்டிலைக் கொடுத்து, "நல்லா குலுக்கிட்டு ஊத்தணும், என்ன?"ன்னு சொன்னாங்க. அன்னைக்குப் பிடிச்சது. மதினி அந்த பாட்டிலைக் குலுக்குறதை நீங்க பார்க்கணும் அக்கா. கோயில் கொடையில் சாமியாடி கூட அப்படி ஆட மாட்டான். தலை ஆடும், கொண்டை அவிழும், அப்புறம் நாலு மில்லி ஊத்துவாங்க. கனி அதைப் பார்த்துக் கை தட்டிச் சிரிப்பாள்.

பொய் சொல்லக் கூடாது, எட்டு மாசம் வலிப்பே இல்லை. ஒரு நாள் கூட இல்லை. அப்ப வந்த மருந்து நல்ல மருந்து. அதுக்கப்புறம் வந்ததுதான் சரியில்லை.

எப்படித் தெரிஞ்சதுன்னு கேளுங்க. போன தைப்பொங்கலுக்குக் கம்பெனியில் ஒரு வாரம் லீவு. சரி, பிள்ளையை நானே வைத்துக்கொள்வோம்னு வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் மாசத்துக்கு ரெண்டு பாட்டில் தருவாங்க. ஒண்ணு மதினி வீட்டில் இருக்கும், இன்னொண்ணு எங்க வீட்டு அலமாரியில் சும்மா நிற்கும். அந்த ரெண்டாவது பாட்டிலை எடுத்தேன். மூணு வாரமா அசையாம நின்ற பாட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு விரல் அளவுக்கு மண்டி. வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி. மேலே ரோஸ் தண்ணி தெளிவா, அழகா நிற்குது.

இவ்வளவு அழுக்கையா இத்தனை நாள் மதினி குலுக்கிக் குலுக்கிப் பிள்ளை வாயில் ஊத்தினாங்க? வெல்லத்தில் இவ்வளவு மண்டி இருந்தால் எங்க அண்ணாச்சி லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பாட்டிலை அசைக்காம, அப்படியே சாய்ச்சு, தெளிவை மட்டும் மூடியில் ஊத்தினேன். கனி குடிச்சாள். குடிச்சிட்டு உதட்டை நக்கினாள். "அம்மா ஊத்துறது இனிப்பா இருக்கு, அத்தை ஊத்துறது மாவா இருக்கு"ன்னு சொன்னாள். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சின்னப் பிள்ளை நாக்கு பொய் சொல்லுமா?

லீவு முடிஞ்சு மதினிகிட்டச் சொன்னேன். இனிமே குலுக்க வேண்டாம், நான் தெளிவை எடுத்து வேற பாட்டிலில் ஊத்தித் தாரேன், அதை மட்டும் கொடுங்கன்னு.

"ஏட்டி, நர்சம்மா குலுக்கச் சொன்னாகல்லா" என்றாங்க.

"நர்சம்மா என்னைக்காவது வெல்லம் கரைச்சிருக்காகளா மதினி?"

"வெல்லமும் மருந்தும் ஒண்ணாட்டீ?"

"அடியில நிக்குறது எல்லாம் ஒண்ணுதான்."

மதினி படிக்காதவங்க, பாவம். நான் கொடுத்தனுப்புற தெளிவையும் அவங்க குலுக்கிட்டுத்தான் ஊத்தினாங்க. தண்ணியைக் குலுக்கினால் என்ன ஆகப்போகுது, ஆசைக்குக் குலுக்கிக்கட்டும்னு விட்டுவிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில் பல் விளக்கிவிடும்போது வலிப்பு வந்தது. அப்புறம் அஞ்சு நாளில் ஒண்ணு. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு.

மதினியும் நானும் தூக்கிக்கிட்டு ஓடினோம். டாக்டர் சின்ன வயசுதான், எங்க வீட்டுக்காரர் வயசிருக்கும். தங்கமானவர். சீட்டைப் பார்த்தார். "ஒழுங்கா மூணு வேளையும் குடுக்கிறீங்களா?"ன்னு கேட்டார். "குடுக்கோம் சார்" என்றேன். "குலுக்கித்தானே குடுக்கிறீங்க?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. வெளியே வந்ததும் ஆரம்பிச்சுட்டாங்க.

"எதுக்குட்டி டாக்டர்ட்ட பொய் சொன்ன?"

"பொய் இல்ல மதினி, மரியாதை. பெரிய படிப்புப் படிச்சவர் கேட்கும்போது இல்லைன்னு சொன்னா அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்லா."

நீங்களே சொல்லுங்க, ஆஸ்பத்திரியில் நீட்டமாப் பேச முடியுமா? பின்னால நாற்பது பேர் வரிசையில் நிற்கிறாங்க. ஆமான்னு சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவார். இல்லைன்னு சொன்னால் திட்டுவார். அவ்வளவுதான்.

நாலு மில்லியை ஆறு மில்லியாக்கினார். ஆறு மில்லி தெளிவு கொடுத்தேன். வலிப்பு நிற்கவில்லை. அடுத்த தடவை ரத்தம் எடுத்து மருந்தோட அளவைப் பார்த்தாங்க. டாக்டர் பேப்பரை மேசையில் போட்டு, "ரத்தத்தில மருந்தே இல்லையேம்மா. கொடுக்கிறேன் கொடுக்கிறேன்னு சொல்றியே, எங்கதான் கொடுக்குற?"ன்னு கேட்டுவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஒரு வேளை தப்பாமக் கொடுத்தவளைப் பார்த்து அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்பவே எனக்குப் புரிஞ்சது, மருந்தில்தான் சாரமில்லை. காலி மருந்தை அனுப்புறான் கம்பெனிக்காரன். கொஞ்சம் ரோஸ் தண்ணி, அடியில் ரெண்டு கை மண்ணு.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பெரியவர் இருப்பார், கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கும். அவர்கிட்ட நேராவே கேட்டேன். "என்ன சார், வரவர மருந்துல மண்டி அதிகமா வருது?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது மண்டி இல்லம்மா. இந்த மருந்து தண்ணியில கரையாது. பொடியா அரைச்சு மிதக்க விட்டிருக்கு. நிக்க நிக்க அடியில உட்காரும். அதைக் குலுக்கி எல்லா எடத்துக்கும் சமமா ஆக்கிட்டுத்தான் ஊத்தணும். அடியில நிக்குறதுதான் மருந்து. மேல நிக்குறது சும்மா இனிப்புத் தண்ணி."

"கரையாதா?"

"கரையாது. ரொம்ப நாள் நின்னா அடியில கல்லு மாதிரி இறுகிக்கூடப் போகும். அப்படி இறுகி, குலுக்கியும் கலங்கலைன்னா கொண்டா, மாத்தித் தாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. அவர் முன்னால சிரிக்கவில்லை, இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். உப்பு கரையுது, சர்க்கரை கரையுது, வெல்லம் கரையுது. தண்ணியில் போட்டுக் கரையாதது எது? மண்ணு. இது பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும். கம்பெனி அனுப்பின சரக்கு மோசம்னு அவர் ஜன்னலில் உட்கார்ந்துக்கிட்டு எப்படிச் சொல்வார்? வேலை போயிராதா? சரி சார்னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மதினி மட்டும் அங்கேயே நின்று அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பஸ்ஸில் வரும்போது முழுக்க, "அடியில நிக்குறதுதான் மருந்தாம்ட்டி, அடியில நிக்குறதுதான் மருந்தாம்"ன்னு ஒரே பாட்டு. "டிரைவர் காதில விழுந்து அவர் வண்டியை நிறுத்தப் போறார், சும்மா வாங்க"ன்னு நான் அதட்டினேன்.

இப்பத்தான் முக்கியமான விஷயத்துக்கு வாரேன். நான் அந்த மண்டியைக் கொட்டவில்லை. சர்க்கார் பொருள், கொட்ட மனசு வரவில்லை. எங்க கம்பெனியில் செய்கிற மாதிரி, அவசரத்துக்குத் தண்ணி விட்டு ரெண்டாந் தெளிவு எடுத்துக்கலாம்னு, பாட்டில் பாட்டிலா மிஞ்சின மண்டியை எல்லாம் ஒரே பாட்டிலில் வழிச்சு வைத்தேன். எட்டு மாசத்து மண்டி. அலமாரியில் மேல் தட்டில், பின்னால. மேலே அதே மருந்து ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. அதைக் கிழிச்சிருக்கணும். அது ஒண்ணுதான் நான் செய்த தப்பு, அதை ஒத்துக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால கம்பெனியில் ஆர்டர் குவியும். பத்து நாள் ஓவர்டைம். காலையில் அஞ்சுக்கே வண்டி வந்துவிடும். பிள்ளையை மதினி வீட்டிலேயே விட்டுவிட்டேன். நான் கொடுத்துவிட்ட தெளிவு தீர்ந்துபோச்சு போல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்ல? கேட்கவில்லை. சாவி அவங்ககிட்ட உண்டு. திறந்து, தேடி, மேல் தட்டிலிருந்து அந்த பாட்டிலை எடுத்திருக்காங்க. நான் ஏதோ நல்ல மருந்தை ஒளிச்சு வைத்திருக்கேன்னு நினைப்பு.

அது அடியில் இறுகிப் போயிருந்திருக்கு. நம்ம மதினி விடுவாங்களா? உள்ளங்கையில் தட்டியிருக்காங்க, விளக்குமாத்து ஈர்க்கைக் கழுவி உள்ளே விட்டுக் கிண்டியிருக்காங்க, அப்புறம் அந்தச் சாமியாட்டம். எல்லாம் கலங்கிப் பால் மாதிரி ஆனதும் ஆறு மில்லி. சீட்டில் ஆறுன்னுதானே இருக்கு. அன்னைக்கு மூணு வேளை, மறுநாள் காலையில் ஒரு வேளை.

அன்னைக்குச் சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது, "மாரி, இன்னைக்கு வலிப்பே வரலட்டி. நல்லாத் தூங்குறா பாரு"ன்னு முகமெல்லாம் சிரிப்பு. நானும் நம்பினேன். ஓவர்டைம் அலுப்பு, பிள்ளை கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனிக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பிள்ளை நிற்க முடியாமத் துவண்டு கிடக்கிறாள். கண் ரெண்டும் பக்கவாட்டில் ஓடுது, ஊஞ்சல் மாதிரி. கூப்பிட்டால் ம்ங்கிறாள், யாருன்னு தெரியவில்லை. வாந்தி. மதினி அவளை மார்போடு வைத்துக்கிட்டு, "கனி, அத்தையப் பாரு, அத்தையப் பாரு"ன்னு ஆட்டிக்கிட்டே இருக்காங்க.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில். முதல் நாலு நாள் கண்ணாடி ரூமில். மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிப் போச்சுன்னு சொன்னாங்க. "யார் மருந்து கொடுத்தது?"ன்னு டாக்டர் கேட்டார். மதினி முன்னால வந்து, "நாந்தான் சாமி குடுத்தேன்" என்றாங்க. "எவ்வளவு?" "ஆறுதான் சாமி. மூடியில கோடு பாத்துத்தான் ஊத்துனேன்." "அந்த பாட்டிலைக் கொண்டு வாங்க" என்றார். எங்கே கொண்டு வர? வீட்டிலிருந்து கிளம்பும்போதே நான் அதைக் கல்லில் போட்டு உடைச்சு, கழுவிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன். வேற பிள்ளை எதுவும் எடுத்துக் குடிச்சிரக் கூடாதுல்ல. அதைச் சொன்னதும் டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மதினிக்குக் கோடு தெரியலை, கூட ஊத்திட்டாங்கன்னு சீட்டில் எழுதிவிட்டாங்க. மதினி அதை மறுக்கவே இல்லை. "எழுதிக்கோங்க, பிள்ளையக் காப்பாத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஆனால் எனக்கு அன்னைக்குத்தான் அக்கா எல்லாம் வெளிச்சமாச்சு. ஜன்னல்காரர் சொன்னாரே, அடியில் நிற்கிறதுதான் மருந்துன்னு. அந்த அடியில் நின்றதைத்தானே மதினி கொடுத்தாங்க? பிள்ளை என்ன ஆனாள்? மண்டிதான் விஷம். நான் ஒருத்தி அதைத் தெளிய வைத்துத் தெளிய வைத்து எடுத்ததால்தான் பிள்ளை இத்தனை மாசம் பிழைச்சுக் கிடந்தாள். இதை மதினி முகத்துக்கு நேரா, வார்டில் எல்லாரும் கேட்கச் சொன்னேன். "உங்க குலுக்கலாலதான் எம்பிள்ளை கால் போச்சு. இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க"ன்னு. அவங்க தம்பி, அதான் எங்க வீட்டுக்காரரும் போனில் அதையே சொல்லிவிட்டார். அன்னைக்கிலிருந்து பேச்சு இல்லை. பிள்ளையை இப்ப எங்க கம்பெனியிலேயே, அண்டாவுக்குப் பக்கத்தில் சாக்கு விரிச்சு வைத்திருக்கேன். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலை.

கால் தள்ளாட்டம் நிற்கலை. கரண்டி பிடித்தால் கை நடுங்குது, பாதிச் சோறு கீழே. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு, திரும்புமா திரும்பாதான்னு சொல்ல முடியாது என்றார். அதைவிட முக்கியம் வலிப்பை நிறுத்துறது, ஒவ்வொண்ணும் நேரம் கூடிக்கிட்டே போகுது, ஒரு நாள் நிற்காமலே போனால் பிள்ளை கையில் இருக்காதுன்னு சொன்னார். போன தடவை பதினாறு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தேன். இந்த வாரம் நாலு தடவை வந்துவிட்டது. இந்த மருந்து இவளுக்குக் கேட்கலைன்னு அவர் நினைக்கிறார். இன்னைக்கு வேற என்ன செய்யலாம்னு பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாராம்.

நான் விடுவேனா? நானும் என்னால முடிஞ்சதைச் செய்யத்தான் செய்கிறேன். முன்னெல்லாம் மூணு நாள் தெளிய வைப்பேன், இப்ப ஒரு வாரம். ஸ்பூன் முதுகில் விட்டு விட்டு, சொட்டுச் சொட்டா எடுக்கிறேன். ஒரு துகள் இருக்காது. அவ்வளவு சுத்தம். ஆறு மில்லியை ஏழாக்கினாங்க, ஏழும் கண்ணாடி மாதிரிதான் கொடுக்கிறேன். அப்படியும் வருதுன்னா, பழைய மண்டி இன்னும் உடம்பில் எங்கேயோ நிற்குதுன்னுதானே அர்த்தம்?

என்னக்கா, நீங்களும் குலுக்கித்தான் கொடுக்கணும்னு சொல்றீங்க? உங்க பேரனுக்கு அப்படித்தான் கொடுத்தீங்களா? அது காய்ச்சல் மருந்து அக்கா. அது வேற. இல்லை, கோபமில்லை, எனக்கெதுக்குக் கோபம்? எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட பாட்டிலில் எழுதியிருக்கிறதை வாசிச்சுக் காட்டிச்சு. எழுதியிருக்கிறது எல்லா பாட்டிலிலும்தான் எழுதியிருக்கு. கண்ணால் பார்த்தவள் நான்.

காலையில் ஊரில் பஸ் ஏறும்போது மதினி ஸ்டாப்பில் நிற்கிறாங்க. யார் சொன்னாங்களோ, இன்னைக்குப் போறோம்னு. ஆள் பாதியாகிட்டாங்க. ஜன்னல் கம்பி வழியா கையை விட்டுப் பிள்ளை பாதத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. கனி தூக்கத்திலேயே "அத்தே"ன்னு முனகினாள்.

"மாரி, எங்கூட நீ பேச வேண்டாம் தாயி. எம்மேல என்ன பழி வேணா போடு. டாக்டர்ட்ட மட்டும் நிசத்தைச் சொல்லிரு. குலுக்காமத்தான் குடுக்கேன், மேல நிக்குறதத்தான் குடுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிருட்டி. சொல்லுவியா?"

பஸ் கிளம்பிவிட்டது. கையை எடுக்காம ரெண்டு எட்டு கூடவே ஓடி வந்தாங்க. கண்டக்டர் சத்தம் போட்டார். நான் ஷட்டரை இறக்கிவிட்டேன். ஓடுற பஸ்ஸில் கை கம்பியில் மாட்டிரும்லா, அதுக்காகத்தான்.

டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னால் என்ன சொல்வார்? குலுக்கிக் கொடுன்னு சொல்வார். அப்புறம் கண்ணாடி ரூம், பன்னிரண்டு நாள். வேண்டாம் அக்கா. பெத்தவள் கை ஒண்ணாவது பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

இருங்க, இவள் கட்டைவிரலைப் பாருங்க. இடது கை. துடிக்குது, பார்த்தீங்களா? வரும் முன்னால இப்படித்தான் லேசாத் துடிக்கும். சில நேரம் அதோடு நின்றுவிடும். பயப்படாதீங்க, நான் பார்த்துக்கொள்வேன், பழகிப்போச்சு. காலை மருந்து இன்னும் கொடுக்கலை, அதுதான். வீட்டில் எடுத்து வைத்த தெளிவு நேத்தோட தீர்ந்துவிட்டது. புது பாட்டில்தான் பையில் இருக்கு. இதோ.

ஐயோ, இதைப் பாருங்க அக்கா. இந்த ரோட்டுக்கும் இந்த பஸ்ஸுக்கும், அடியிலிருந்து மேல்வரை ஒரே கலங்கல். துளி தெளிவு இல்லை. இதை எப்படி வாயில் ஊத்த?

ஒண்ணும் அவசரமில்லை, கயத்தாறு வர இன்னும் நேரமிருக்கு. நான் இவளை ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கிறேன். நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. இந்த பாட்டிலை ரெண்டு கையாலயும் நேரா, மடியில் படாமத் தூக்கிப் பிடிச்சுக்கோங்க. பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் கை அசையக் கூடாது. தெளியட்டும். தெளிஞ்சதும் சொல்லுங்க அக்கா, ஊத்திடலாம்.